குன்னூர் டிரம்மும் கூடலூர் மூங்கிலும்: மலையில் கொசு வளரும் இடங்கள்

நீலகிரியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது, "கீழே போயிட்டு வந்தீங்களா?" என்பதுதான். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வந்தவருக்கு டெங்கு வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மலையை விட்டு இறங்காதவருக்கு வந்தால் நம்ப மறுக்கிறோம். மின்விசிறி இல்லாத வீட்டில், கம்பளி இல்லாமல் தூங்க முடியாத இரவுகளில் வளர்ந்தவர்களுக்கு "குளிருக்குக் கொசு வராது" என்ற நம்பிக்கை இயல்பாகவே வந்துவிடுகிறது. ஊட்டியைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மையும் உண்டு. ஆனால் மாவட்டம் முழுக்க ஊட்டி இல்லை.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் அளவில். கூடலூர் ஆயிரத்தைச் சற்றே தாண்டும். மசினகுடி அதற்கும் கீழே. குஞ்சப்பனை, பர்லியார் போன்ற சரிவோர ஊர்கள் சமவெளியின் வெப்பத்தைப் பாதி வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஏப்ரல் மாதம் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டிருக்கும் நேரத்தில் கூடலூரில் பகல் வெப்பம் முப்பது டிகிரியை நெருங்கும். இத்தனை தட்பவெப்பம் உள்ள மாவட்டத்துக்கு ஒரே துண்டறிக்கை, அதுவும் சமவெளிக்காக எழுதியது, போதாது. எந்த ஊரில் எந்த மாதம் எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தடுப்பு வேலை அந்த அறிவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

குளிர் எப்படிக் காக்கிறது, எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். டெங்கு நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் குடலிலிருந்து பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். 30 டிகிரியில் இதற்கு ஒரு வாரம் போதும். 25 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இருபதுக்குக் கீழே இறங்கினால் இன்னும் இழுக்கும். கொசுவின் ஆயுளோ இரண்டிலிருந்து நான்கு வாரம்தான். குளிர்ந்த ஊரில் வைரஸ் தயாராகும் முன்பே பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடுகின்றன. மலேரியாவுக்கும் இதே கணக்குதான்: சுமார் 16 டிகிரிக்குக் கீழே வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணியும், 18 டிகிரிக்குக் கீழே ஃபால்சிபாரம் வகையும் கொசுவுக்குள் வளர்ச்சியை முடிப்பதில்லை.

ஆகவே குளிர் கொசுவைக் கொல்வதைவிட நோயைத் தாமதப்படுத்துகிறது என்பதே சரி. சராசரி வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே அந்தத் தாமதம் குறைந்துவிடும். நேபாளத்தைப் பாருங்கள். அங்கே டெங்கு முதன்முதலில் பதிவானது 2004-ல். 2022-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பாதித்தது. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள காத்மாண்டு பள்ளத்தாக்கு கடுமையாக அடிபட்டது. கூடலூரும் பந்தலூரும் காத்மாண்டுவைவிடத் தாழ்வானவை.

மலையில் காய்ச்சல் புதிதும் இல்லை. ஊட்டியிலிருந்து கல்ஹட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சீகூர் மலைப்பாதைக்கு மலேரியா வரலாற்றில் ஓர் இடம் உண்டு. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்டு ராஸ், அதற்கு முன்பு இந்தச் சீகூர்ப் பக்கம் காய்ச்சலைப் பற்றி ஆராய வந்தார். மலேரியா மருந்தான கொய்னாவைச் (குயினின்) சாப்பிட்டுக்கொண்டிருந்தும் அவருக்கே மலேரியா வந்தது. இறக்கையில் புள்ளிகள் கொண்ட, சுவரில் வேறு மாதிரி உட்காரும் ஒரு கொசுவை அவர் கவனித்ததும் இங்கேதான். அது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பின் நூல்முனை அது.

கூடலூர், பந்தலூர், தேவாலா பகுதி 1877-ல்தான் நீலகிரியோடு சேர்ந்தது. அதுவரை வயநாட்டின் பகுதி. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் தேடிக் கம்பெனிகள் வந்து குவிந்தன. வந்தவர்களை மலைக்காய்ச்சல் வாட்டியெடுத்தது. மலைக்கு மறுபக்கத்தில் அதற்கான மருந்தும் விளைந்துகொண்டிருந்தது: 1860 முதல் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சிங்கோனா மரங்களை வளர்த்தது, நடுவட்டத்தில் கொய்னா தயாரிக்கும் தொழிற்சாலையும் இயங்கியது. அந்தத் தோட்டங்களில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

மலேரியாவை அடக்கியது 1953-ல் தொடங்கிய தேசியத் திட்டமும் டி.டி.டி. தெளிப்பும். வீட்டுச் சுவரில் மருந்தடித்ததும், இரவில் கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் அனோபிலிஸ் செத்தது. ஒரு காலத்தில் குடியேறவே அஞ்சிய வயநாட்டு மண்ணில் அதன்பிறகு ஊர்கள் பெருகின. ஆனால் காய்ச்சல் மறைந்ததோடு, அது ஏன் வந்தது என்ற அறிவும் மறைந்துபோனது. மலைக்காய்ச்சலின் கதையைச் சொல்ல இன்று வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

இன்றைக்கு நம்மிடம் இருக்கும் அறிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டெங்கு கொசுவால் வருகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். எந்தக் கொசு, எங்கே வளர்கிறது என்று கேட்டால், பெரியவர்களில் பலர் சாக்கடையைத்தான் காட்டுவார்கள். சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கம் கெடுப்பது அதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ், நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரைத் தேடி வருவது. பகலில், காலையிலும் மாலை மங்கும் முன்பும் கடிக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறக்காது. நம் வீட்டில் கடிக்கும் ஏடிஸ் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது. தெருச் சாக்கடையை நகராட்சி சரியாகத் தூர்வாரவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைத் தூர்வாரிவிட்டால் டெங்கு போய்விடும் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவோம்.

குன்னூரையும் கோத்தகிரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை கொட்டும் மலையில் குடிநீர்ப் பஞ்சம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கோடையில் குழாயில் தண்ணீர் வர வாரக்கணக்கில் காத்திருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. தண்ணீர் வரும் நாளில் வீட்டில் உள்ள அத்தனை பாத்திரமும் நிரம்பும். குடம், சிண்டெக்ஸ் தொட்டி, பெயின்ட் வாளி, எல்லாவற்றுக்கும் மேலாக நீல நிற 200 லிட்டர் டிரம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வாசலில் வரிசையாக நிற்கும் அந்த டிரம்கள்தான் இந்த மலையின் ஏடிஸ் பண்ணைகள் ஆகக்கூடியவை. தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும் டெங்கு ஒழிப்புதான். அதை எந்தச் சுகாதாரத் துண்டறிக்கையிலும் பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

ஒரு டிரம்மைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மூடியை மெதுவாகத் தூக்கி, டார்ச் அடியுங்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாக, சாய்வாகத் தொங்கும் மெல்லிய புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும்; ஒரு நிமிடம் கழித்து மூச்சு வாங்க மேலே வரும். அதுதான் ஏடிஸ் புழு. நீர்மட்டத்துக்கு ஒட்டி, அதற்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். மிளகைப் பல நூறு துண்டாக நொறுக்கியதுபோல் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை தண்ணீர் தொட்டதும் பொரியும். அதனால்தான் வாரம் ஒருமுறை உட்புறத்தை நார் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள். வெப்பமான ஊரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குன்னூர்க் குளிரில் இன்னும் கூடுதலாகும். ஆனாலும் வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின நாள், டிரம் ஏறக்குறையக் காலியாக இருக்கும்போது தேய்த்தால் ஒரு குடம்கூட வீணாகாது.

மூடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பலகையை வைத்து மூடினால் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கொசுவுக்கு அது வாசல். பழைய வேட்டித் துணியைப் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். செலவே இல்லாத அருமையான வழி. ஆனால் துணி தளர்ந்து நடுவில் குழிந்தால் மழைநீர் அதிலேயே தேங்கும், அல்லது துணி தண்ணீரைத் தொடும். அந்த ஈரத்திலேயே முட்டை வைத்துவிடும். துணி முரசுத்தோல் போல விறைப்பாக இருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் வந்தால் கணக்கே மாறுகிறது. இங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் கொட்டும். தேவாலா தமிழகத்தில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. டிரம்மைவிடத் தோட்டமும் காட்டோரமும்தான் இங்கே கவலை. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசு, முதுகில் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு ஓடுவது, காட்டு விளிம்பிலும் தோட்டத்திலும் வாழப் பழகியது. வீட்டுக்குள் வளரும் இன்னொரு ஏடிஸ் வகையான எஜிப்டியைவிடக் குளிரையும் தாங்கும். வேலிக்கு வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை ஒன்று போதும், அதில் நிற்கும் ஒரு டம்ளர் மழைநீரில் நூற்றுக்கணக்கில் வளரும். உதிர்ந்து கிடக்கும் பாக்கு மட்டை, கொட்டாங்குச்சி, மரப்பொந்து, மருந்து கலக்கக் கொண்டுபோய்த் தோட்டத்திலேயே விட்ட டிரம், டீக்கடை பின்னால் எறிந்த கப், கூரைமேல் போட்ட தார்ப்பாயின் மடிப்பு, இவை எல்லாமே அதற்குத் தொட்டி.

மூங்கிலைக் கணுவுக்கு மேல் ஒட்டி வெட்டினால் குழியே உண்டாகாது. ஏற்கெனவே வெட்டிய கட்டையில் மண்ணையோ மணலையோ நிரப்பிவிடலாம். பாக்கு மட்டையைக் குப்புறப் போட்டாலே போதும். காட்டையும் மூங்கில் புதரையும் நன்கு அறிந்த பணியர்களும் காட்டுநாயக்கர்களும் குரும்பர்களும் இந்தப் பகுதியில் வாழ்கிறார்கள். எந்தப் பொந்தில் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சுகாதாரத் துறை அவர்களை அறிவுரை கேட்பவர்களாக மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு.

காலண்டரும் வேறு. கூடலூருக்கு ஆபத்தான மாதங்கள் தென்மேற்கு மழையும் அதன் இடைவெளிகளும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழகம் முழுவதும் டெங்கு உச்சத்தில் இருக்கும் காலமும் அதுதான். இதோடு ஏப்ரல், மே சீசன் சேர்கிறது. வைரஸ் மலையேறுவது கொசுவின் இறக்கையில் இல்லை, பஸ்ஸிலும் காரிலும் வரும் மனித ரத்தத்தில். சீசன் தொடங்கும்போது விடுதிகளின் மொட்டைமாடித் தொட்டி, ஆண்டில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் விடுமுறை பங்களாக்களின் கழிப்பறைத் தொட்டி, பாதியில் நிற்கும் கட்டடங்களில் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏழைகளின் டிரம்மைத் திறந்து பார்க்கும் அளவுக்கு இவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கொசு வளர இடம்கொடுக்கும் சொத்துக்காரர்கள்மீது நடவடிக்கை எடுக்க 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

ஊட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வானிலை நிலையத்தில் அளக்கும் வெப்பத்தில் கொசு வாழ்வதில்லை. விறகடுப்பு எரியும் சமையலறை, கொய்மலர் வளர்க்கும் பாலிஹவுஸ், வெயில் விழும் கண்ணாடி வராந்தாவில் பூந்தொட்டியின் அடித்தட்டு, இவற்றின் வெப்பம் வெளியைவிடப் பல டிகிரி கூடுதல். ஊட்டியில் பெரிய டெங்கு வரும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. அடித்தட்டு நீரை வாரம் ஒருமுறை கொட்டுவது யாருக்கும் சிரமம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இருக்கும் பழைய வழிகளையும் எடை போட வேண்டும். நொச்சித்தழைப் புகை, வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கைகாலில் தேய்க்கும் தைலம் எல்லாம் சற்று நேரத்துக்குக் கொசுவை விரட்டும். விரட்டப்பட்ட கொசு செத்துவிடாது. டிரம்மில் இருக்கும் புழுவுக்கு எந்தப் புகையும் எட்டாது. தெருவில் வண்டியில் வந்து அடிக்கும் புகைமருந்துக்கும் ஏறக்குறைய இதே குறை உண்டு. பறக்கும் கொசு மேலே பட்டால் சாகும், ஆனால் சரிவில் காற்றும் மூடுபனியும் அதைக் கலைத்துவிடும். நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: விருப்பமிருந்தால் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், டிரம்மைத் தேய்க்காமலும் இருக்காதீர்கள்.

டி.பி.சி. பணியாளர்கள் என்று அழைக்கப்படும், வீடு வீடாகப் புழு பார்க்கும் ஊழியர்களின் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். மேடும் படிக்கட்டுமான ஊர்களில் அவர்கள் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் வரும் பகல் நேரத்தில் தேயிலை பறிக்கப் போனவர்களின் வீடுகள் பூட்டியிருக்கும். திறந்திருக்கும் வீட்டிலோ, அவர்கள் ஊற்றிய, புழுவைக் கொல்லும் அபேட் மருந்துத் தண்ணீரை அவர்கள் போனதும் கொட்டிவிடுவார்கள். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் இருந்தால் குடிநீரிலும் அதைப் பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதைப் பொறுமையாக, வீட்டுப் பெண்களிடம் மாலை நேரத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். ஹட்டியிலோ (படகர் ஊர்) எஸ்டேட்டிலோ உள்ள மகளிர் குழு அந்த வேலையைச் செய்ய முடியும். மருந்தே வேண்டாம் என்பவர்கள் வாராவாரம் தேய்த்துக் கழுவட்டும், பலன் ஒன்றுதான்.

கிணற்றில் கம்பூசியா, கப்பி மீன் விடுவது நல்லதுதான். ஓடையிலும் சதுப்பிலும் கொண்டுபோய் விட வேண்டாம். அவை இந்த மலையின் மீன்கள் அல்ல. தவளை முட்டையையும் உள்ளூர் மீன்குஞ்சையும் தின்றுவிடும்.

மலேரியாவைப் பற்றிச் சுருக்கமாக. மலை ஓடைகளின் ஓரத்தில் வளரும் அனோபிலிஸ் ஃபுளுவியாடிலிஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களை விட்டுப் போய்விடவில்லை, இல்லாதது ஒட்டுண்ணிதான். இன்று நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வேலை செய்கிறார்கள். அவர்களில் யாருக்காவது குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தத் தடவல் எடுத்து, மருந்தை முழுக் கெடுவுக்கும் கொடுத்தால் போதும். மலேரியா அங்கேயே முடிந்துவிடும். நோய் கொண்டுவந்தார்கள் என்று அவர்களை ஒதுக்கினால் காய்ச்சலை மறைப்பார்கள், எல்லோருக்கும் ஆபத்து. 2030-க்குள் மலேரியாவை ஒழிக்க நாடு இலக்கு வைத்திருக்கும்போது அவர்கள் மொழியில் நாலு வரி எழுதிய அட்டையாவது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேண்டும்.

கடைசியாக, காய்ச்சல் வந்தபின் செய்ய வேண்டியது. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை டெங்குவைக் காட்டும். அந்த நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும் என்பதால் பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வீட்டில் மற்றவர்களைக் காப்பாற்றும் வழி அது. பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினோ, புரூஃபென் போன்ற வலி மாத்திரையோ ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல், இளநீர் என்று அடிக்கடி கொடுங்கள்.

எல்லாக் காய்ச்சலும் கொசுக்காய்ச்சல் இல்லை. தேயிலைத் தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்பவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் வரும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்த இடத்தில், இடுப்பிலோ அக்குளிலோ, சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கலாம். டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். அதற்குத் தனி மருந்து உண்டு, உரிய நேரத்தில் கொடுத்தால் விரைவில் குணமாகும்.

டெங்குவில் மிகவும் ஆபத்தான நேரம், காய்ச்சல் இறங்கும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அது வரலாம். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று இலை பறிக்கப் போய்விடுகிறார்கள். ஒருநாள் கூலியை விட மனம் வராது. அடுத்த 48 மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிட்டு அசதி, சிறுநீர் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சமவெளியில் அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரி போய்விடலாம். நம் ஊர்களில் பனி இறங்கினால் வண்டி கிடைக்காது. யானை நடமாடும் சாலையில் ராத்திரி போக அஞ்சுவோம். மாலையில் சின்னச் சந்தேகம் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், கடைசி பஸ் போவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். பஸ் போய்விட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.